முதன்மை வணிக இடம்

பிப்ரவரி 17, வெள்ளி

சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. "எனது ஆண்டு வருவாய் இருபது லட்சம் ரூபாய்க்குக் கீழ், ஆகவே ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது என உறுதி கூறுகிறேன்." ஏப்ரலில் அவர்கள் தொடங்கப்போகும் இருபத்து நாலு தொகுதிக் கலைக்களஞ்சியத்தின் சொல்லடைவு வேலை எனக்கு வர வேண்டுமானால் இந்த உறுதிமொழி வேண்டும், அல்லது ஜி.எஸ்.டி. எண் வேண்டும். இரண்டு வருட வேலை அது. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பிவிட்டேன். இப்படி எத்தனை தாள்.

உருளைக்கிழங்குப் புத்தகம் 96 பக்கம் ஆயிற்று. இன்னும் 316.

பிப்ரவரி 19, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு அத்தைக்கு போன் வந்தது. என் கணவர் ஓசூரிலிருந்து தன் அம்மாவைக் கூப்பிடுவது ஞாயிறு ஒன்பதுக்குத்தான். தொழிற்சாலைக்காரர்களுக்கு எல்லாமே மணி பார்த்துத்தான். நான் பால்கனியில் துணி காயப்போட்டேன். நாலு துணியை ஏழு நிமிடம் காயப்போட்டேன்.

"லோகு உன்னையக் கேட்டானம்மிணி" என்றார் அத்தை.

"என்ன கேட்டாருங்க?"

"நல்லாருக்கறாளான்னு."

இருக்கிறேன். சென்ற ஜூனில் அவரை அங்கே மாற்றிப் போட்டார்கள். ஓசூர் ஒன்றும் வெளிநாடு இல்லை, ரயிலில் ஆறு மணி நேரம். ஆனால் ஷிஃப்ட் வேலை, லீவு கொடுக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 20, திங்கள்

மார்ச் பதினைந்துக்குள் வருமான வரியின் கடைசித் தவணை கட்ட வேண்டும் என்று இந்த வருடக் கணக்கைக் கூட்டினேன். இருபது லட்சத்துப் பதினோராயிரம். பிப்ரவரி 14 அன்று அனுப்பிய பில்தான் வரம்பைத் தாண்ட வைத்திருக்கிறது. மறுபடி கூட்டினேன். அதே தொகை.

பிறகு நிம்மதியானேன். அதில் பதினேழு லட்சம் வெளிநாட்டுக் காசு. வெளிநாட்டுக்குச் செய்யும் வேலைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது எங்கள் வாட்ஸப் குழுவில் எல்லோருக்கும் தெரியும். வரியே இல்லாத காசு வரம்பில் எப்படிச் சேரும்?

நிம்மதி அரை மணி நேரம் இருந்தது. மிக்ஸி ஜாரைக் கழுவினேன். கழுவிய ஜாரை மறுபடி கழுவினேன். குழுவில் கேட்டதற்கு ஒருத்தி பெயரும் நம்பரும் கொடுத்தாள்: சௌடேஸ்வரி, பி.என். புதூர், நம்மைப் போலத் தனியாக வேலை செய்பவர்களின் வரி விவகாரம் பார்ப்பவள்.

பிப்ரவரி 22, புதன்

சௌடேஸ்வரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர், ஒரு டப்பா பொரிகடலை.

"என்ன தொழிலுங்க்கா?"

சொல்லடைவு என்றேன். புத்தகத்தின் கடைசியில் எந்தப் பெயர், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் போட்டிருக்குமே, அது. அதை எழுத்தாளர் எழுதுவதில்லை. என்னைப் போல ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாள்.

"அப்பிடியொரு வேலை இருக்குதுங்களா" என்றாள். எல்லோரும் கேட்பதுதான். இப்போது அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சம் பற்றிய புத்தகத்துக்குச் செய்கிறேன் என்று சொன்னால் இன்னும் ஏதாவது கேட்பார்கள், சொல்லவில்லை.

வெளிநாட்டுக் காசு வரம்பில் சேராதே என்று ஆரம்பித்தேன்.

"அங்கதானுங்க்கா எல்லாரும் தடுக்கி உழுகறாங்க. வரி இல்ல, சரி. ஆனா வரம்புக்கு அதுவுஞ் சேரும். இன்னொண்ணு, அந்த வரி இல்லைங்கறதே நம்பர் வாங்கி எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான். நம்பர் இல்லாம வரி இல்லைன்னு நாமளே சொல்லிக்க முடியாதுங்க."

தாண்டிய நாளிலிருந்து முப்பது நாள் அவகாசம். பிப்ரவரி 14க்கு முப்பது என்றால் மார்ச் 16. அப்புறம் ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், வேலையே இல்லாத காலத்துக்கும்.

"ஒண்ணுமில்லைன்னாலும் ஒண்ணுமில்லைன்னு சொல்லோணுங்க்கா. சும்மா இருந்தர முடியாது."

சென்னைக்கு அனுப்பிய உறுதிமொழியைச் சொன்னேன். கையில் எடுத்த கடலையை டப்பாவிலேயே போட்டாள்.

"தெரியாமக் குடுத்ததுதானுங்க, பரவால்ல. இன்னைக்கே திருப்பி வாங்கிருங்க. தெரிஞ்சப்பறம் உட்டு வெச்சாத்தான் தப்பு."

போன வருடம் பதினொன்று, இந்த வருடம் எப்படி இருபது என்று கேட்டாள். நல்ல வருடம் என்றேன். ஜூனிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறேன் என்று வரி பார்ப்பவளிடம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, வேலை செய்யும் இடம் எது என்றாள். படிவத்தில் அதற்குப் பெயர் முதன்மை வணிக இடம். சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கம்தான் என் முதன்மை வணிக இடம், ஆனால் வடவள்ளி அபார்ட்மெண்ட் என்றேன்.

"வாடகையா, சொந்தமா?"

"சொந்தம்."

"பத்திரம் உங்க பேர்லயா?"

பத்திரம் அவர் பெயரில். 2014இல் வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது வங்கி மேலாளர் என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சம்பளச் சீட்டு இல்லாத வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார். அதனால் கடன் அவர் பெயரில், பத்திரம் அவர் பெயரில், தவணையில் பாதி மட்டும் ஒன்பது வருடமாக என்னுடையது. அன்று கணக்கில் வராத அதே வருமானம் இன்று அரசாங்கத்துக்குக் கண்ணில் பட்டுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.

"அப்ப சொந்தம்னு போட முடியாதுங்க்கா. அண்ணங்கிட்ட ஒரு இசைவுக் கடிதம் வாங்கோணும். என்ற வீட்ல என்ற சம்சாரம் தொழில் பண்றதுக்குச் சம்மதம்னு. ரண்டு சாட்சிக் கையெழுத்து. கரண்ட் பில், வீட்டு வரி ரசீது. அஞ்சு நிமிச வேலை."

ஆமாம், ஐந்து நிமிட வேலைதான் என்றேன்.

பிப்ரவரி 23, வியாழன்

சென்னைக்கு மெயில் போட்டு உறுதிமொழியைத் திரும்பப் பெற்றேன். மார்ச் 31க்குள் எண் வந்தால் வேலை என்னுடையது, இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு என்று பதில். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அவருக்கு போன் செய்யவில்லை. காலை ஷிஃப்ட்.

பிப்ரவரி 24, வெள்ளி

மதிய ஷிஃப்ட்டாக இருக்கும்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஒன்பது மணி போன். பேசி முடிக்கிற நேரத்தில் அத்தை போனை என் பக்கம் நீட்டினார். "நீயும் ரண்டு வார்த்தை பேசம்மிணி."

கையெல்லாம் மாவு. கையைக் காட்டினேன். அத்தை போனைக் காதுக்குக் கொண்டுபோய், "மாவு பெசையறா" என்றார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னாரோ, போன் வைத்தாயிற்று. சப்பாத்தி மாவை அரை மணி நேரம் பிசைந்தேன். பொதுவாக இந்த வீட்டில் ஞாயிறு சப்பாத்தி செய்வதில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

வேலையில் பிழை. அதுவும் பழகுகிறவர்கள் முதல் மாதத்தில் செய்யும் பிழை. "குத்தகைதாரர்" என்ற தலைப்பில் பக்க எண்களைப் போடாமல் "பார்க்க: நிலவுடைமையாளர்" என்று எழுதியிருக்கிறேன். நிலவுடைமையாளருக்குப் போனால் அங்கே "பார்க்க: குத்தகைதாரர்." படிப்பவன் இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான், பக்கம் கிடைக்காது. பதினேழு வருடத்தில் இது எனக்கு நடந்ததில்லை. யாரும் பார்ப்பதற்கு முன் நானே கண்டேன் என்பது ஆறுதல்.

ஜன்னல் பக்கம் உட்கார முடியவில்லை, வெயில். அந்தப் பக்கம் உட்கார்ந்தேன், மின்விசிறி சத்தம். மேசையைத் தள்ளினேன். திரும்ப இழுத்தேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 2, வியாழன்

சௌடேஸ்வரி கூப்பிட்டாள். "அண்ணன் கையெழுத்துப் போட்டாருங்களா? பதினாலு நாள்தான் இருக்குது."

அவர் கொஞ்சம் வேலையாக இருக்கிறார் என்றேன். மாதிரிக் கடிதம் அனுப்பினாள். அதை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், வேறு வழி இல்லை. போனை எடுத்து அவர் பெயரைத் திறந்தேன். எங்கள் கடைசிச் செய்தி அக்டோபர் 9. "கேஸ் கனெக்‌ஷனை உன் பேருக்கு மாத்திக்க" என்று அவர். "சரிங்க" என்று நான்.

அதற்குக் கீழே மாதிரியை அனுப்பினேன். ஜி.எஸ்.டி.க்கு, அவசரம், மார்ச் 16 என்று மட்டும் எழுதினேன். நலமா என்று எழுதி அழித்தேன். வேலை விஷயத்தில் அதெல்லாம் எதற்கு?

மார்ச் 3, வெள்ளி

பதில் வந்தது. "வாழ்த்துகள். அடுத்த சனிக்கிழமை நேர்ல வந்து போடறேன். அம்மாவையும் பாத்த மாதிரி ஆச்சு."

அத்தையிடம் சொன்னேன். அத்தை எழுந்து போய்ப் பூஜை அலமாரி விளக்கைத் திரி மாற்றி ஏற்றினார். பகல் பன்னிரண்டு மணிக்கு.

மார்ச் 6, திங்கள்

உருளைக்கிழங்கு 300 பக்கம் தாண்டியது. நேற்றிலிருந்து வேலை ஓடுகிறது. 

மார்ச் 9, வியாழன்

சமையலறை மேல் தட்டுத் துடைத்தேன். ஹால் சீலிங் ஒட்டடை. பால்கனி கம்பி. பிறகு படுக்கையறையில் அவர் அலமாரி. சீக்கிரம் முடிந்துவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லையே. ஓசூரில் குளிர் ஜாஸ்தி, எல்லாத் துணியும் வேண்டும் என்று எடுத்துப் போனார். வேட்டிகள் உட்பட. அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை மாற்றிப் புதியதை விரித்தேன்.

"மட்டன் எடுக்கலாமா, கோழி போதுமா?" அத்தை மூன்று முறை கேட்டார். மட்டன் என்றேன், மூன்று முறையும்.

மார்ச் 11, சனி

காலை ஆறரைக்கே குழம்பு கொதித்தது. ஏழரை மணி ரயிலில் வந்தால் ஒன்றரைக்கு, பஸ்ஸில் வந்தால் எப்போது வேண்டுமானாலும். பச்சைப் புடவை கட்டினேன். வீட்டில் எதற்குப் புடவை என்று தோன்றி சுடிதாருக்கு மாறினேன். அத்தை, "அதுவே நல்லாருந்துதே" என்றார். மறுபடி மாறவில்லை.

இரண்டு மணிக்கு அத்தையைச் சாப்பிடச் சொன்னேன். "வரட்டும்" என்றார். மூன்றரைக்குச் செய்தி. "வர முடியல. கையெழுத்துப் போட்டு கொரியர்ல அனுப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்துரும்."

அனுப்பிட்டேன் என்று இருக்கிறது. அனுப்புகிறேன் என்று இல்லை. அதாவது வர முடியாது என்று சொல்வதற்கு முன்பே அனுப்பியாயிற்று. இதையெல்லாம் கவனிப்பதுதான் என் தொழில், அதனால் கவனித்தேன், வேறு ஒன்றும் இல்லை.

குழம்பை நானும் அத்தையும் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 12, ஞாயிறு

ஒன்பது மணிக்கு போன் வரவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

கொரியர் பதினொன்றரைக்கு வந்தது. கீழே வாட்ச்மேனிடம் நானே இறங்கிப் போய் வாங்கினேன்.

இருபது ரூபாய் பத்திரத்தாளில் ஒழுங்காக டைப் செய்திருக்கிறார். நான் அனுப்பிய மாதிரிதான், ஆனால் மாதிரியில் இல்லாத ஒரு வரி இருந்தது. "மேற்படி வீட்டை என் மனைவி, அவர் விரும்பும் காலம் வரை, எவ்விதத் தடையுமின்றிப் பயன்படுத்திக்கொள்ள முழு மனதுடன் இசைகிறேன்." விரும்பும் காலம் வரை. இசைகிறாராம். ஒன்பது வருடம் பாதித் தவணை கட்டியவளுக்கு எவ்விதத் தடையுமில்லையாம். கோபத்தில் படியில் ஒரு மாடி அதிகமாக ஏறிவிட்டேன். நாலாவது மாடியில் நின்று யார் வீட்டுக் கதவையோ சாவி போட்டுத் திறக்கப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மீதியைப் படித்தேன். அவர் பெயருக்குக் கீழே ஓசூர் முகவரி. இரண்டு சாட்சிகள். முதலாமவர் பெயர் அப்துல் ரவூப், அவர் கூட வேலை செய்பவர், எனக்குத் தெரியும். இரண்டாவது சாட்சி த. பிரமிளா. கையெழுத்து சுத்தமாக, பள்ளிக்கூட ஆசிரியையுடையது போல இருக்கிறது. அவருடைய முகவரியும் ஓசூர். அதே தெரு, அதே கதவு எண், அதே முதல் மாடி.

வீட்டுக்காரம்மாவாக இருக்கும். ஒரே முகவரி இரண்டு பெயருக்குக் கீழே வந்தால் நாங்கள் இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்ப்போம். நான் சேர்க்கவில்லை.

"லோகு என்ன எழுதியிருக்கறான்?" என்று அத்தை கேட்டார்.

"சம்மதம்னு எழுதியிருக்கறாருங்க அத்தை."

மார்ச் 15, புதன்

கடிதத்தை ஸ்கேன் செய்து சௌடேஸ்வரியின் அறைக்கு எடுத்துப் போனால், கோப்பு பெரிதாக இருக்கிறது என்று இணையதளம் தள்ளியது. சிறிதாக்கினால் எழுத்து மங்கியது. ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் எல்லாப் பெயரும் தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மற்ற எழுத்தெல்லாம் மங்கினாலும் பிரமிளா மட்டும் மங்கவில்லை.

வணிக இடம் எப்படி உங்களிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு ஐந்து விடைகள்: சொந்தம், குத்தகை, வாடகை, இசைவு, பகிர்வு. சௌடேஸ்வரி இசைவை அமுக்கினாள். மாலை நாலேகாலுக்கு விண்ணப்பம் போயிற்று. ஒரு நாள் மிச்சம்.

மார்ச் 18, சனி

உருளைக்கிழங்கு முடிந்தது. பில் போடவில்லை. எண் வந்தபின் போட வேண்டும் என்று சௌடேஸ்வரி சொல்லியிருக்கிறாள். செய்ய வேலை இல்லாத நாள். பிரிட்ஜைத் துடைத்தேன். கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று மறந்து, ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது.

மார்ச் 21, செவ்வாய்

எண் வரவில்லை. விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்திருக்கிறது. சௌடேஸ்வரி போனில் படித்தாள், நான் தமிழில் எழுதிக்கொண்டேன்:

"இசைவுக் கடிதத்தில் உரிமையாளரின் வசிப்பிடம் ஓசூர் எனக் காட்டப்பட்டுள்ளது. மின்கட்டண ரசீது கோயம்புத்தூர் முகவரியில் அவர் பெயரில் உள்ளது. இடத்தின் உரிமையாளர் அங்கே வசிக்கிறாரா? இல்லையெனில் அவ்விடத்தில் வசிப்பவர் யார்? விளக்கவும்."

ஏழு வேலை நாளுக்குள் பதில். இருநூற்றைம்பது எழுத்துக்கு மேல் கூடாது.

"ஒண்ணும் பயப்படாதீங்க்கா. அண்ணன் அங்க வேலைக்குப் போயிருக்கறாரு, லீவுக்கு வருவாரு, வீடு இதுதான்னு எழுதிரலாம். அப்பிடித்தான?"

எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச் 22, புதன்

எழுதியது: "உரிமையாளர் என் கணவர். பணி நிமித்தம் தற்காலிகமாக ஓசூரில் தங்கியுள்ளார். நிரந்தர வசிப்பிடம் இதுவே." நன்றாக இருக்கிறது. சுருக்கமாக இருக்கிறது. நான் எல்லோருக்கும் சொல்வதும் இதுதான், கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அம்மாவுக்கும் அபார்ட்மெண்ட் செயலாளருக்கும். இந்த நோட்டிலும் இதைத்தான் எழுதி வந்திருக்கிறேன். சௌடேஸ்வரிக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள். குரல் மெதுவாக இருந்தது.

"அக்கா, இதுல கடைசில மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு இருக்கும். உங்க ஆதாருக்கு ஓ.டி.பி. வந்து, நீங்க அதப் போட்டாத்தான் போகும். நான் ஒண்ணுங் கேக்கல. தற்காலிகமா இல்லையான்னு அண்ணங்கிட்ட மட்டும் ஒருக்காக் கேட்டுக்குங்க."

மார்ச் 23, வியாழன்

கேட்டேன். மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"நிரந்தர முகவரி வடவள்ளின்னு புதுசா ஒரு கடிதம் எழுதித் தர முடியுமாங்க?"

எழுந்து போய் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பிடி எழுதினா செல்லாது ரேணு. ஆதார இங்க மாத்திட்டேன்."

"எப்பங்க?"

"டிசம்பர்ல."

டிசம்பரில் நான் பதினோரு நாளில் இரண்டு புத்தகம் முடித்தேன். வேறு என்ன செய்தேன் என்று நினைவில்லை.

"அந்த ரண்டாவது சாட்சி," என்றேன்.

"ஆமா." பிறகு, "நேர்ல வந்து சொல்லோணும்னுதான் சனிக்கிழமை வரதா இருந்தேன். ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். கடிதத்த முன்னாடியே அனுப்பிட்டேன், ஒருவேள வர முடியாமப் போயிருச்சுன்னா உனக்குத் தேதி தப்பிரக் கூடாதுன்னு."

தேதி தப்பக் கூடாது என்று நினைத்திருக்கிறார். திட்டலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். மனிதர் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும்.

"வீட்ட நீயே வெச்சுக்க ரேணு. பாதி உன்றதுதான், எனக்குத் தெரியும். மீதிக்கும் எழுதிக் குடுத்தர்றேன். அம்மாவ கொஞ்ச நாள்ல இங்க கூட்டிக்கறேன்."

"அவங்களக் கேட்டீங்களா?"

"எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியல."

எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கீழே போய் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

மார்ச் 24, வெள்ளி

அத்தை போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும். அதற்குத்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறேன், அவர் போனதற்கு இல்லை. எழுதிப் பார்த்தபோதுதான் தெரிகிறது.

அவர் போனபோது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே பதில் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அத்தையிடம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் அத்தை மகன் வீட்டுக்குப் போவார். அம்மாக்கள் மகன் வீட்டுக்குத்தான் போவார்கள். பெற்ற பிள்ளை இருக்க, மருமகளோடு யார் இருப்பார்கள்?

மார்ச் 25, சனி

காலையில் அத்தை தரையில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் மேசையில் மடிக்கணினியைத் திறந்து பதிலைப் புதிதாக எழுதினேன். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம்.

"யாருக்கு எழுதற?"

"வரி ஆபீசுக்குங்க அத்தை."

"என்ன கேக்கறாங்க?"

"இந்த வீட்டுக்காரரு இங்க குடியிருக்கறாரா, இல்லைன்னா யாரு இருக்கறாங்கன்னு கேக்கறாங்க."

அத்தை கீரையை உருவிக்கொண்டே இருந்தார். "படி" என்றார்.

தமிழில் படித்தேன். "இடத்தின் உரிமையாளர் என் கணவர் திரு. லோகநாதன். அவர் இங்கே வசிக்கவில்லை. சென்ற ஆண்டு ஜூன் 12 முதல் ஓசூரில் வசிக்கிறார், திரும்பி வருவதாக இல்லை. இவ்விடத்தில் நான் வசிக்கிறேன்."

அத்தை தலை தூக்கவில்லை. உருவிய காம்பை ஒரு பக்கம் போட்டு, இலையை ஒரு பக்கம் போட்டு, அந்தக் கட்டு முழுவதையும் முடித்தார். தெரியுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது கீரை உருவிய கையாக இருந்ததால் கன்னத்தில் ஓர் இலை ஒட்டிக்கொண்டது.

"எவளாச்சும் இருக்கறாளா?"

"இருக்கறாங்க அத்தை."

"ம்." முறத்தைத் தள்ளி வைத்தார். "எம்பேரு எங்க?"

"உங்க பேரு வேண்டாமுங்க. அவரு உங்களக் கூட்டிட்டுப் போறேன்னு..."

"நான் எங்க குடியிருக்கறேன்?"

"இங்கதானுங்க."

"கவருமெண்டு யாரு இருக்கறாங்கன்னு கேக்குது. நீ ஒருத்தி மட்டும்னு எழுதற. நாளைக்கு ஆபீசர் வந்து பாத்து, இந்தக் கெழவி யாருன்னு கேட்டா நாஞ் சமையக்காரின்னு சொல்லட்டுமா?" எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது, ஆனாலும் திரையையே பார்த்தார். "ராமாத்தாள்னு போடு. எழுவத்து நாலு வயசுன்னு போடு. எத்தன வருசமா இருக்கறாங்கன்னு கேக்கலீன்னாலும் அதையும் போடு."

"எடம் பத்தாதுங்க அத்தை. எரநூத்தம்பது எழுத்துதான்."

"அவனப் பத்தி எழுதினதுல கொஞ்சங் குறைச்சுக்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 'திரு'வை எடுத்தேன், இன்னும் ஒன்றிரண்டு வார்த்தைகளை எடுத்தேன், இடம் கிடைத்தது. "இவ்விடத்தில் நானும் அவருடைய தாயார் திருமதி ராமாத்தாள் (வயது 74) அவர்களும் 2014 முதல் வசிக்கிறோம்." ஓ.டி.பி. வந்தது. அத்தை ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் அடித்தேன்.

மார்ச் 29, புதன்

எண் வந்துவிட்டது. பதினைந்து இலக்கம். சென்னைக்கு அனுப்பினேன், முதல் தொகுதி திங்கட்கிழமை வருகிறது.

சௌடேஸ்வரி வாழ்த்துச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். ஏப்ரலில் வெளிநாட்டு வேலைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தாக்கல் தேதி தவறக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னாள்.

"பதிவுல இருக்கற விவரத்துல எது மாறுனாலும் பதினஞ்சு நாளுக்குள்ள சொல்லிரோணுங்க்கா."

சரி என்றேன். போனை வைத்தபின் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஜூன் 12 முதல் மார்ச் 25 வரை, சொல்ல எனக்கு இருநூற்று எண்பத்தாறு நாள் ஆகியிருக்கிறது.